அலுமினியத் தாளும் வாணலியும் கைப்பேசி சிக்னலைக் கூட்டுமா? வீட்டு உத்திகளின் உண்மை நிலை

ஊரிகம் (கோலார் தங்கவயல்): கைப்பேசியின் பின்புறம் அலுமினியத் தாளை ஒட்டினால் சிக்னல் கூடும், வாணலிக்குள் வைத்தால் இணைய வேகம் உயரும், செப்புக் கம்பியைச் சுற்றினால் அழைப்பு துண்டிக்கப்படாது என்பன போன்ற உத்திகள் சமூக வலைதளங்களில் தொடர்ந்து பரவி வருகின்றன. இவற்றுள் சில உத்திகள் உண்மையிலேயே பயன் தருபவை. பெரும்பாலானவை பயனற்றவை. ‘பூஸ்டர்’ என்ற பெயரில் விற்கப்படும் கருவியோ சட்டவிரோதமானது.

சிக்னல் குறைபாடு இன்று சிறு தொல்லையாகக் கருதப்படும் நிலையைக் கடந்துவிட்டது. வங்கிப் பரிவர்த்தனை, ஆதார் சரிபார்ப்பு, சமையல் எரிவாயு முன்பதிவு என அனைத்தும் கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லையே நம்பியுள்ளன. கொரோனா பொதுமுடக்கம் நிலவிய 2020ஆம் ஆண்டில், இணையவழி வகுப்பில் பங்கேற்பதற்காக மாணவர்கள் மரத்தின் மீதும் குன்றின் மீதும் கூரையின் மீதும் ஏறி அமர்ந்த காட்சிகள் நாட்டின் பல மாநிலங்களில் செய்தியாயின. நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி ஏற்படும்போது அவசர உதவி எண்ணை அழைக்க முடியுமா என்பதும் இதே சிக்னலைப் பொறுத்ததே.

எந்த உத்தி பலிக்கும், எது பலிக்காது என்பதை அறிய ஒரே ஓர் அடிப்படை விதி போதும். வீட்டில் செய்யப்படும் எந்த உத்தியாலும் இல்லாத சிக்னலை உருவாக்க இயலாது. கைப்பேசி இருக்கும் இடத்தை மாற்றவும், அதற்கும் கோபுரத்துக்கும் இடையிலுள்ள தடையைக் குறைக்கவும் மட்டுமே இயலும்.

சிக்னல் எங்கே தொலைகிறது?

கைப்பேசிக்கும் கோபுரத்துக்கும் இடையே நடப்பது வானொலி அலைகளின் பரிமாற்றம். இந்தியாவில் 700 மெகாஹெர்ட்ஸ் முதல் 3,300 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பல அலைவரிசைகள் இதற்குப் பயன்படுத்தப்படுகின்றன. 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 33 சென்டிமீட்டர். 1,800 மெகாஹெர்ட்ஸில் அது சுமார் 17 சென்டிமீட்டர். 5ஜி சேவைக்குப் பயன்படும் 3,300 மெகாஹெர்ட்ஸில் சுமார் 9 சென்டிமீட்டர் மட்டுமே. அலைநீளம் அதிகமாக இருந்தால் மேடுகளைச் சுற்றி வளைந்து செல்வதும் சுவர்களை ஊடுருவுவதும் ஓரளவு எளிது. அலைநீளம் குறையக் குறைய வேகமான இணையம் கிடைக்கும், ஆனால் தடைகளைக் கடக்கும் திறன் குறையும்.

இந்தத் தடைகள் பலவற்றை ஒரே பகுதியில் காண உகந்த இடம் கோலார் தங்கவயல். கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல் உயரத்தில் அமைந்த பீடபூமிப் பகுதி இது. பங்காரப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் செல்லும் கிளை ரயில் பாதையில் ஊரிகம் ஒரு நிலையம். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாளுடன் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் ஏராளமானோர் நாள்தோறும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். விடியலுக்கு முன் புறப்பட்டு இருட்டிய பின் திரும்பும் அவர்களையும் வீட்டிலுள்ள முதியோரையும் பிள்ளைகளையும் பகல் முழுவதும் இணைப்பது கைப்பேசி மட்டுமே.

தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டப்பட்ட கழிவு மண், சயனைடு மேடுகள் என்ற பெயரில் இங்கு குன்றுகளாக நிற்கிறது. கோபுரம் மேட்டின் ஒரு புறமும் வீடு மறுபுறமும் இருந்தால், அலை மேட்டின் உச்சியில் வளைந்தே வீட்டை அடைய வேண்டும். அப்போது 900 மெகாஹெர்ட்ஸ் அலை ஓரளவு கீழிறங்கும். 3,300 மெகாஹெர்ட்ஸ் அலை பெரிதும் வலுவிழக்கும்.

அடுத்த தடை கூரை. தொழிலாளர் குடியிருப்புகளான ‘லைன்’ வீடுகள் போன்ற சிறிய, நெருக்கமான வீடுகளில் தகரக் கூரை இருந்தால், அலை அதன் வழியே நுழைவதில்லை. உலோகம் வானொலி அலையைத் திருப்பி அனுப்பிவிடும். கதவு, சாளரம், ஓட்டு இடுக்கு ஆகியவற்றின் வழியே நுழைவது மட்டுமே உள்ளே கிடைக்கும். செங்கல் சுவர் அலையைக் குறைக்கும். இரும்புக் கம்பி செறிந்த கான்கிரீட் அதைவிட அதிகமாகக் குறைக்கும்.

மண்ணும் பாறையும் எத்தகைய தடை என்பதற்கு இதே தங்கவயல் அறிவியல் வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. நிலத்தடியில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா, பிரிட்டனின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் இணைந்து நடத்திய ஆய்வில், வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோக்களின் தடயம் 1965ஆம் ஆண்டு பதிவானது. விண்ணிலிருந்து வரும் பிற துகள்களை மேலே உள்ள பாறை வடிகட்டிவிடும் என்பதாலேயே அந்த ஆழம் தேர்ந்தெடுக்கப்பட்டது. கைப்பேசி அலைக்கு அத்தனை ஆழம் தேவையில்லை. சில மீட்டர் பாறையே அதை முற்றிலும் நிறுத்திவிடும்.

கோடுகளை நம்பலாமா?

ஓர் உத்தி பலித்ததா என்பதைப் பெரும்பாலோர் திரையின் மேல் தெரியும் கோடுகளைக் கொண்டே முடிவு செய்கின்றனர். இது நம்பத்தக்க அளவுகோல் அன்று. எத்தனை வலிமைக்கு எத்தனை கோடு என்பதற்குப் பொதுவான தரநிலை கிடையாது. ஒவ்வொரு தயாரிப்பு நிறுவனமும் தானே அதை வகுத்துக்கொள்கிறது.

2010ஆம் ஆண்டு ஐபோன் 4 வெளியானபோது இது உலகறிய வெளிப்பட்டது. கைப்பேசியின் உலோக விளிம்பே ஆன்டெனாவாக அமைக்கப்பட்டிருந்ததால், குறிப்பிட்ட இடத்தில் பிடித்தால் சிக்னல் சரிந்தது. அதை ஆராய்ந்த ஆப்பிள் நிறுவனம், கோடுகளைக் கணக்கிடும் சூத்திரமே தவறாக இருந்ததாகவும் உண்மையைவிட அதிகக் கோடுகள் காட்டப்பட்டதாகவும் ஒப்புக்கொண்டது. வாங்கியோருக்கு விளிம்பை மூடும் உறை இலவசமாக வழங்கப்பட்டது.

உண்மையான அளவு டிபிஎம் என்ற அலகில் தெரியும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் ‘அமைப்புகள்’ பகுதிக்குள் ‘ஃபோன் விவரம்’, ‘சிம் நிலை’ ஆகியவற்றைத் திறந்தால் சிக்னல் வலிமை எண்ணாகத் தோன்றும். ஐபோனில் *3001#12345#* என்று அழுத்தி அழைத்தால் சோதனைத் திரை திறக்கும்.

இந்த எண் மைனஸ் குறியுடன் இருக்கும். பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க சிக்னல் வலிமையானது. 4ஜி சேவையில் மைனஸ் 80 அல்லது அதைவிட மேலான அளவு நன்று. மைனஸ் 100 என்பது பலவீனம். மைனஸ் 110க்குக் கீழே சென்றால் பேச்சு துண்டுபடத் தொடங்கும். மைனஸ் 120 அளவில் இணைப்பே நிலைக்காது.

இது மடக்கைக் கணக்கில் அமைந்த அலகு. மைனஸ் 90 என்பது மைனஸ் 100ஐவிடப் பத்து மடங்கு வலிமையானது. 3 அலகு உயர்ந்தால் வலிமை இரு மடங்காகும். ஆனால் இரு மடங்கு என்பது ஒரு கோடு கூட மாறாத அளவுக்குச் சிறிய வேறுபாடே. ‘சிக்னலை இரட்டிப்பாக்கும்’ என்ற விளம்பரத்தை இந்தக் கணக்கோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

பலித்ததுபோல் தோன்றுவது ஏன்?

பயனற்ற உத்தியும் பலருக்குப் பலித்ததாகத் தோன்றுவதற்குத் தெளிவான இயற்பியல் காரணம் உண்டு. ஓர் அறைக்குள் அலை நேராக மட்டும் வருவதில்லை. சுவர், பீரோ, கூரை, தரை ஆகியவற்றில் பட்டுத் தெறித்து, பல வழிகளில் வந்து ஒன்றோடொன்று கலக்கிறது. சில இடங்களில் அலைகள் கூடி வலுப்பெறும். சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 1,800 மெகாஹெர்ட்ஸில் இந்த வலுவான இடத்துக்கும் வலுவற்ற இடத்துக்கும் இடையிலான தொலைவு நான்கு விரல் அகலம்கூட இருப்பதில்லை. அந்தச் சிறு இடப்பெயர்ச்சியில் வலிமை பத்து மடங்கு மாறுவது இயல்பு.

கைப்பேசியை எடுத்து, அலுமினியத் தாளைச் சுற்றி, மீண்டும் மேசையில் வைப்பவர் அதைச் சிறிதளவேனும் நகர்த்தியே வைக்கிறார். கூடிய சிக்னல் அந்த நகர்வால் கிடைத்தது. புகழ் தாளுக்குப் போய்ச் சேர்கிறது. சிக்னல் குறைந்திருந்தால் அவர் மீண்டும் சற்று நகர்த்திப் பார்ப்பார். கூடிய தருணத்தில் ‘உத்தி பலித்தது’ என்று நிறுத்திக்கொள்வார்.

இதைச் சரிபார்க்க எளிய வழி உள்ளது. கைப்பேசியை ஓர் இடத்தில் வைத்து, அதைச் சுற்றி சாக்பீஸால் கோடு வரைந்துகொள்ள வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் பத்து முறை டிபிஎம் எண்ணைக் குறிக்க வேண்டும். பிறகு உத்தியைச் செய்து, அதே கோட்டுக்குள் வைத்து மீண்டும் பத்து முறை குறிக்க வேண்டும். இரு சராசரிகளுக்கும் இடையே ஐந்து அலகுக்கு மேல் வேறுபாடு இல்லையெனில், அந்த உத்தியால் பயனில்லை என்றே கொள்ளலாம்.

அலுமினியத் தாள், வாணலி, செப்புக் கம்பி

சமையலறையில் பயன்படும் அலுமினியத் தாளின் தடிமன் பொதுவாக 10 முதல் 16 மைக்ரான். 900 மெகாஹெர்ட்ஸ் அலை அலுமினியத்துக்குள் ஊடுருவும் ஆழம் ஏறத்தாழ 3 மைக்ரான் மட்டுமே. எனவே, அத்தனை மெல்லிய தாளும் அலைக்கு இரும்புச் சுவரைப் போன்றதே. கைப்பேசியை முழுவதும் அதில் சுற்றினால் சிக்னல் அநேகமாக அற்றுப்போகும். பின்புறம் மட்டும் ஒட்டினால், உள்ளே இருக்கும் ஆன்டெனாவை மூடி, அதன் இசைவையும் கெடுக்கும். உலோகத் தகடு பொருத்திய உறைகளும் காந்த உறைகளும் இதே குறையை ஏற்படுத்தக்கூடும்.

வாணலி உத்தியில் ஓரளவு அறிவியல் உண்டு. குழிந்த உலோகப் பரப்பு அலைகளைத் தெறிக்கச் செய்து ஒரு புள்ளியில் குவிக்கும். செயற்கைக்கோள் தொலைக்காட்சியின் டிஷ் இயங்குவது இவ்விதமே. ஆனால், அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. பரப்பு அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். வாய்ப்பகுதி கோபுரத்தை நோக்கியிருக்க வேண்டும். கருவி குவிமையத்தில் இருக்க வேண்டும்.

32 சென்டிமீட்டர் அகலமும் 8 சென்டிமீட்டர் ஆழமும் கொண்ட வாணலியை எடுத்துக்கொண்டால், அதன் குவிமையம் அடியிலிருந்து சுமார் 8 சென்டிமீட்டர் உயரத்தில், விளிம்பு மட்டத்தில் அமையும். அடியில் கிடத்தப்பட்ட கைப்பேசி குவிமையத்தில் இல்லை. மூன்று புறமும் உலோகம் சூழ்ந்த குழிக்குள் இருக்கிறது. மேலும், 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அந்த வாணலி ஓர் அலைநீள அகலம்கூட இல்லாத சிறு கிண்ணம். அதனால் குவிப்பு ஏறக்குறைய நிகழாது. 2,300 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர் அலைவரிசையில், யுஎஸ்பி டாங்கிள் ஒன்றைக் குவிமையத்தில் தொங்கவிட்டு, வாணலியைக் கோபுரத்தின் பக்கம் திருப்பினால் ஓரளவு முன்னேற்றம் கிடைக்கலாம். கைப்பேசியை வாணலிக்குள் போடுவது இதற்கு ஈடாகாது.

தெறிப்புப் பரப்பால் வீட்டு வைஃபை அலையைத் திசைதிருப்ப முடியும் என்பதை அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரி ஆய்வாளர்கள் 2017ஆம் ஆண்டு நிறுவினர். அறையின் அமைப்பைக் கணினியில் கணக்கிட்டு, அதற்கேற்ற வடிவத்தை முப்பரிமாண அச்சில் செய்து, உலோகத் தாள் போர்த்தி, வைஃபை கருவியின் ஆன்டெனா அருகே வைத்தனர். அலைகள் வேண்டிய திசையில் கூடின. ஆனால், மற்றத் திசைகளில் குறைந்தன. தெறிப்புப் பரப்பு சக்தியை உருவாக்குவதில்லை, ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோரிடத்துக்குத் தருகிறது என்பதே அதன் பொருள்.

செப்புக் கம்பி, பேப்பர் கிளிப், தங்க நிற ஸ்டிக்கர் ஆகியவை கைப்பேசியின் ஆன்டெனாவோடு இணைக்கப்படுவதில்லை. வெளியே ஒட்டப்பட்ட உலோகத் துண்டு ஆன்டெனாவின் இசைவைச் சற்று மாற்றும். பெரும்பாலும் அந்த மாற்றம் தீங்காகவே முடியும். ‘சிக்னல் பூஸ்டர்’ என்ற பெயரிலுள்ள செயலிகளால் ஆன்டெனாவின் திறனை உயர்த்த முடியாது. அவை அதிகபட்சம் செய்வது இணைப்பைத் துண்டித்து மீண்டும் தேட வைப்பதே. அதற்குக் கைப்பேசியிலேயே உள்ள விமானப் பயன்முறை போதும். தேவையற்ற அனுமதிகளைக் கேட்கும் செயலியை நிறுவுவதால் தனிப்பட்ட தகவல்களுக்கே ஆபத்து.

தொலைக்காட்சி ஆன்டெனாவின் நினைவு

இத்தகைய உத்திகள் மீதான நம்பிக்கை வெறும் கற்பனையில் பிறந்ததன்று. 1980களில் தொலைக்காட்சி வாங்கிய குடும்பங்களில், ஒருவர் மாடியில் நின்று ஆன்டெனாவைத் திருப்ப, மற்றொருவர் கீழிருந்து படம் தெளிந்ததைக் கூவிச் சொல்லும் வழக்கம் இருந்தது. தமிழ்நாட்டின் கடலோர ஊர்களில் உயரமான குழாயில் ஆன்டெனா கட்டி, பூஸ்டர் பொருத்தி, இலங்கையின் ரூபவாஹினி ஒளிபரப்பைப் பார்த்தோர் ஏராளம். அங்கு உயரமும் திசையும் பூஸ்டரும் உண்மையிலேயே பலன் தந்தன.

ஆனால், தொலைக்காட்சிப் பெட்டி கேட்க மட்டுமே செய்யும், பதில் பேசாது. கைப்பேசியோ கேட்கவும் வேண்டும், கோபுரத்துக்குப் பேசவும் வேண்டும். கோபுரம் பல பத்து வாட் திறனில் அலையை அனுப்புகிறது. 4ஜி கைப்பேசி அதிகபட்சமாக அனுப்புவது 0.2 வாட் மட்டுமே. கோபுரத்தின் குரல் கைப்பேசிக்குக் கேட்டும், கைப்பேசியின் குரல் கோபுரத்தை எட்டாத நிலை இதனால் ஏற்படுகிறது. திரையில் இரண்டு கோடுகள் தெரிந்தும் அழைப்பு செல்லாமல் போவதற்கு இது ஒரு முதன்மையான காரணம். கோடுகள் காட்டுவது வரவை மட்டுமே.

சிக்னல் குறைந்த இடத்தில் கைப்பேசி சூடாவதும் மின்கலம் விரைவில் தீர்வதும் இதன் விளைவே. எட்டாத கோபுரத்தை எட்டுவதற்காக அது தன் முழுத் திறனையும் செலவிடுகிறது.

கம்பி வழி உத்தியின் கணக்கு

கூரையில் ஓர் ஆன்டெனாவும் அறைக்குள் ஓர் ஆன்டெனாவும் வைத்து, இரண்டையும் கேபிளால் இணைத்தால் மின்சாரமே இல்லாமல் சிக்னல் உள்ளே வரும் என்றொரு உத்தியும் பரவலாகக் கூறப்படுகிறது. கொள்கையளவில் இது சரியே. கணக்குதான் இடிக்கிறது.

கூரை ஆன்டெனாவால் 10 அலகு கூடுவதாகக் கொள்ளலாம். கேபிளில் இரண்டு அலகு குறையும். உள் ஆன்டெனாவிலிருந்து ஒரு மீட்டர் தொலைவில் உள்ள கைப்பேசியை அடைவதற்குள், 900 மெகாஹெர்ட்ஸ் அலை 30 அலகுக்கும் மேல் வலுவிழக்கும். அதாவது, பத்து அலகை ஈட்டி முப்பதுக்கு மேல் இழக்கும் வணிகம் இது. உள் ஆன்டெனாவைத் தொடுமளவு நெருக்கத்தில் கைப்பேசியை வைத்தால் மட்டுமே ஏதேனும் மிஞ்சும். வெளியே வலுவான சிக்னலும் உள்ளே முற்றிலும் இல்லாத நிலையும் இருந்தாலன்றி இது உதவாது.

பூஸ்டர் வாங்கலாமா?

இந்த இழப்பை ஈடுகட்ட மின் பெருக்கியைச் சேர்ப்பதே பூஸ்டர் அல்லது ரிப்பீட்டர் எனப்படும் கருவி. இது சிக்னலைக் கூட்டும் என்பது உண்மை. ஆயினும், தனிநபர் இதை வாங்கி வைப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

மத்திய தொலைத்தொடர்புத் துறை 2022ஆம் ஆண்டு ஜூலை மாதம் பொதுமக்களுக்கு வெளியிட்ட அறிவுறுத்தலில், உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்களைத் தவிர வேறு எவரும் கைப்பேசி ரிப்பீட்டர் அல்லது பூஸ்டரை வைத்திருப்பதும் விற்பதும் பயன்படுத்துவதும் சட்டவிரோதம் என்று தெளிவுபடுத்தியது. சந்தையில் எளிதாகக் கிடைக்கிறது என்பதால் அது அனுமதிக்கப்பட்ட பொருள் ஆகிவிடாது.

தடைக்குக் காரணம் அக்கம்பக்கத்தாரின் நலன். தரமற்ற பூஸ்டரின் வெளி ஆன்டெனாவும் உள் ஆன்டெனாவும் போதிய இடைவெளியின்றி இருந்தால், ஒலிபெருக்கியின் முன் மைக்கை நீட்டும்போது எழும் கூச்சல் போன்ற நிலை உருவாகும். கருவி தன் அலையைத் தானே உள்வாங்கி, ஓயாத இரைச்சலைக் கோபுரத்தை நோக்கி அனுப்பும். மெல்லிய குரல்களைக் கூர்ந்து கேட்க வேண்டிய கோபுரத்தின் காதில் அந்த இரைச்சல் நிறையும். விளைவாக, ஒரு வீட்டில் சிக்னல் கூட, அந்தக் கோபுரத்தை நம்பிய தெரு முழுவதும் அழைப்புகள் துண்டுபடும். நெருக்கமாக வீடுகள் அமைந்த குடியிருப்பில் இதன் பாதிப்பு இன்னும் கூடுதல்.

உண்மையில் பயன் தரும் உத்திகள்

செலவின்றிச் செய்யக்கூடிய, இயற்பியலுக்கு உட்பட்ட வழிகள் பல உள்ளன.

இடமாற்றம்: வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் டிபிஎம் எண்ணைப் பார்த்து, சிறந்த இடத்தைக் குறித்துக்கொள்வது முதற்படி. தகரக் கூரை வீட்டில் அது பெரும்பாலும் கோபுரத்தை நோக்கிய சாளரத்தின் விளிம்பாகவோ வாசற்படியாகவோ இருக்கும். இரும்புப் பீரோ, குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றின் அருகிலிருந்து கைப்பேசியை நகர்த்துவதும் உதவும்.

கையையும் உடலையும் விலக்குதல்: மனித உடல் வானொலி அலையை உறிஞ்சக்கூடியது. கைப்பேசியைச் சாளரத்தில் வைத்துவிட்டு, புளூடூத் அல்லது கம்பி வழி இயர்போனில் பேசினால், கையும் தலையும் ஏற்படுத்தும் தடை நீங்கும். சாளரத்துக்கு முதுகைக் காட்டி நிற்பதைவிட, முகத்தைக் காட்டி நிற்பது நல்லது.

ஹாட்ஸ்பாட் உத்தி: வீட்டில் பழைய கைப்பேசி இருந்தால், அதில் சிம் பொருத்தி, சிக்னல் நன்றாக உள்ள சாளரத்திலோ மாடிப்படியிலோ வைத்து, ஹாட்ஸ்பாட்டை இயக்கலாம். மற்றக் கைப்பேசிகள் வைஃபை வழியே அதன் இணையத்தைப் பெறும். மாணவர்களின் இணையவழி வகுப்புக்கு, மரம் ஏறுவதைவிட இது பாதுகாப்பானது. வெயிலும் மழையும் படாமல் கைப்பேசியைக் காப்பது அவசியம்.

வைஃபை அழைப்பு: வீட்டில் கம்பி வழி இணைய இணைப்பு இருந்தால், கோபுரத்தின் தயவின்றியே வழக்கமான எண்ணிலிருந்து பேசலாம். இந்தியாவில் 2019ஆம் ஆண்டு இறுதியிலிருந்து இச்சேவை வழக்கத்துக்கு வந்தது. கைப்பேசியின் அமைப்புகளில் இதை இயக்க வேண்டும்.

விமானப் பயன்முறை: நகர்ந்துகொண்டே இருக்கும் கைப்பேசி, சில வேளைகளில் தொலைவிலுள்ள பழைய கோபுரத்தையே பற்றிக்கொண்டிருக்கும். ரயிலிலிருந்து இறங்கிய பின் இணைப்பு மந்தமாக இருந்தால், விமானப் பயன்முறையை 10 நொடி இயக்கி நிறுத்தினால் அருகிலுள்ள கோபுரத்தைப் புதிதாகத் தேடும். சிக்னலே இல்லாத இடத்தில் இதனால் பலன் கிடையாது.

5ஜியை விடுத்து 4ஜி: அறைக்குள் 5ஜி தள்ளாடினால், அமைப்புகளில் 4ஜியைத் தேர்ந்தெடுப்பது பேச்சின் தெளிவைக் கூட்டலாம். குறைந்த அலைவரிசை சுவரை எளிதில் கடக்கும் என்பதே காரணம். 4ஜி வருவதற்கு முன் வாங்கிய பழைய சிம் அட்டையாக இருந்தால், அதை மாற்றிக்கொள்வது நலம்.

வெளி ஆன்டெனா உள்ள ரவுட்டர்: சிம் பொருத்தக்கூடிய 4ஜி ரவுட்டரைச் சாளரத்திலோ மாடியிலோ வைத்து, அதிலிருந்து வீட்டுக்குள் வைஃபை பெறலாம். இது பூஸ்டர் அன்று. கைப்பேசியைப் போன்றே தனக்குரிய சிம்முடன் கோபுரத்தோடு பேசும் முறையான கருவி.

உயரமான இடத்தில் சிக்னல் கூடும் என்பது சரியே. ஆயினும், அதற்காக மரம், மின்கம்பம், நீர்த்தொட்டி ஆகியவற்றில் ஏறுவது உயிருக்கு ஆபத்து. தங்கவயலின் சயனைடு மேடுகள், ரசாயன முறையில் பிரிக்கப்பட்ட தாதுவின் நுண்துகள்களால் ஆனவை. அவற்றின் தூசு காற்றில் பறக்கும் தன்மையது. சிக்னல் தேடிச் சிறுவர்கள் அங்கு செல்வதைப் பெற்றோர் அனுமதிக்கக் கூடாது.

அவசர வேளையில்

தன் நிறுவனத்தின் சிக்னல் இல்லாதபோது திரையில் ‘அவசர அழைப்புகள் மட்டும்’ என்று தோன்றினால், அருகில் வேறொரு நிறுவனத்தின் அலை கிடைக்கிறது என்று பொருள். அவசர அழைப்பை எந்த நிறுவனத்தின் கோபுரம் வழியாகவும் அனுப்பும் வகையிலேயே கைப்பேசித் தரநிலைகள் வகுக்கப்பட்டுள்ளன. ஆகவே, கோடு ஒன்றும் இல்லை என்று கைவிடாமல் 112 எண்ணை அழைத்துப் பார்க்க வேண்டும்.

குறுஞ்செய்திக்குத் தேவைப்படும் தரவு மிகக் குறைவு. பேச முடியாத அளவுக்குச் சிக்னல் பலவீனமாக உள்ள இடத்திலும் குறுஞ்செய்தி சென்று சேர வாய்ப்புண்டு. தனியே வசிக்கும் முதியோரின் வீட்டில், சிக்னல் கிடைக்கும் இடத்தை முன்பே கண்டறிந்து, கைப்பேசியை எப்போதும் அங்கேயே வைக்கும் பழக்கத்தை ஏற்படுத்துவது இவை அனைத்தினும் பயனுள்ள முன்னெச்சரிக்கை.

உத்தியால் தீராத குறை

வீட்டின் வாசலிலும் தெருவிலும் டிபிஎம் எண் மைனஸ் 110க்குக் கீழேயே இருந்தால், அந்தக் குறை வீட்டினுடையதன்று, சேவையினுடையது. அந்நிலையில் எந்த வீட்டு உத்தியும் உதவாது.

முதலில், அக்கம்பக்கத்தாரின் கைப்பேசிகளில் வேறு நிறுவனங்களின் சிக்னல் எப்படி உள்ளது என்று அதே இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு நிறுவனத்துக்கு மேடு மறைக்கும் வீடு, மற்றொரு நிறுவனத்தின் கோபுரத்துக்கு நேர்ப்பார்வையில் இருக்கக்கூடும். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி நாடு முழுவதும் 2011ஆம் ஆண்டு ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. இதற்கு 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும்.

அடுத்து, நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் புகாரைப் பதிவு செய்து, புகார் எண்ணைப் பெற வேண்டும். தீர்வு கிடைக்காவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியை அணுகலாம். அதன் பிறகு மத்திய அரசின் பொதுமக்கள் குறைதீர் இணையதளம் உள்ளது. ‘சிக்னல் இல்லை’ என்று பொதுவாக எழுதுவதைவிட, நாள், நேரம், இடம், டிபிஎம் எண் ஆகியவற்றைப் பத்து நாள்கள் குறித்து இணைத்தால் புகாரின் வலு கூடும். ஒரு தெருவினர் சேர்ந்து அளித்தால் மேலும் நன்று.

கோபுரமே எட்டாத ஊர்களும் நாட்டில் உள்ளன என்பதை அரசும் ஏற்றுள்ளது. சேவை கிடைக்காத 24,680 கிராமங்களுக்கு 4ஜி வசதி வழங்க, 26,316 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022ஆம் ஆண்டு ஜூலையில் ஒப்புதல் அளித்தது.

வீட்டுக்கு வெளியே சிக்னல் இருந்து உள்ளே இல்லையெனில், சாளரமும் ஹாட்ஸ்பாட்டும் வைஃபை அழைப்பும் அதற்குத் தீர்வு. வெளியிலும் இல்லையெனில், தீர்வு நிறுவனத்திடமும் அரசிடமும் உள்ளது. அலுமினியத் தாளுக்கும் வாணலிக்கும் சமையலறையில் வேலை இருக்கிறது.